கல் வீடுகளைக் கட்டியவர் யார்?

ஒரு மக்களின் சரித்திரத்தை அழிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதன் சான்றுகளை இடித்துத் தகர்ப்பது. மற்றையது, சான்றுகளை இருந்தபடியே விட்டுவிட்டு, அவற்றைப் படைத்தவர் வேறொருவர் என்று சொல்லிவிடுவது. முன்னையது கண்ணுக்குத் தெரியும், பின்னையது தெரியாது. ஆதலால் பின்னையதே கொடிது. இவ்விரு தீங்கும் ஒருங்கே நேர்ந்த ஓரிடம் ஆபிரிக்காக் கண்டத்தின் தென்பாகத்திலே உண்டு. அதன் பெயர் மாபெரும் சிம்பாப்வே. அவ்விடத்தின் மண் எவ்வாறு தோண்டப்பட்டது, தோண்டியவர் எதைக் கண்டனர், கண்டும் எதைக் காண மறுத்தனர் என்பவற்றைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதும் அடியேன் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். கீழ்வகுப்பில் வேதபாட நேரத்திலே சாலொமோன் அரசனின் கப்பல்கள் ஓப்பீர் என்னும் தேசத்திலிருந்து பொன் கொண்டுவந்த கதையையும், சேபாவின் ராஜஸ்திரீ ஒட்டகங்களிலே பரிசில்கள் ஏற்றி வந்த கதையையும் கேட்டோம். ஓப்பீர் எங்கே இருக்கின்றது என்று அறியும் ஆசை எனக்கு உண்டாயிற்று. பாடசாலை நூலகத்திலே கிடந்த மிகப் பழைய ஆங்கில நூலொன்று அதற்கு விடை தந்தது. ஆபிரிக்காவின் காட்டு நடுவிலே பிரமாண்டமான கற்சுவர்கள் நிற்கின்றன என்றும், அவை பினீசியர் கட்டியவை என்றும், ஓப்பீர் அதுவே என்றும் அந்நூல் கூறியது. நானும் நம்பினேன். அந்நாட்டில் வாழும் மக்கள் அதனைக் கட்டியிருக்கக் கூடாதா என்ற கேள்வி எனக்கு எழவேயில்லை. சர்வகலாசாலைக்கு வந்த பின்னரே, எழாத அந்தக் கேள்விதான் இந்த விஷயத்தின் உயிர்நிலை என்பதை உணர்ந்தேன்.

இடமும் அமைப்பும்

இன்றைய சிம்பாப்வே நாட்டின் மஸ்விங்கோ நகருக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரத்தில் இச்சிதைவுகள் இருக்கின்றன. இவற்றில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 80 மீற்றர் உயர்ந்து நிற்கும் கருங்கல் மலை. இயற்கையான பெரும் பாறைகளுக்கிடையே சுவர்களை எழுப்பி, பாறையும் சுவரும் ஒன்றாகும்படி அதன் உச்சியிலே மதில்கள் அமைத்திருக்கின்றனர். இரண்டாவது, மலையடியில் உள்ள மாபெரும் மதில் வளைவு. அதன் வெளிச்சுவரின் சுற்றளவு ஏறக்குறைய 250 மீற்றர். உயரம் சிலவிடங்களில் 11 மீற்றர். உள்ளே கூம்பு வடிவான கற்கோபுரம் ஒன்று நிற்கின்றது. அதனுள்ளே அறையுமில்லை, படியுமில்லை, முழுவதும் கல். மூன்றாவது, பள்ளத்தாக்கிலே பரந்து கிடக்கும் சிறு மதில்களும் வீட்டு மேடைகளும்.

இச்சுவர்களில் சுண்ணச் சாந்தோ களிமண்ணோ பூசப்படவில்லை. கல்லின்மேற் கல்லை அடுக்கியே கட்டியிருக்கின்றனர். அந்நாட்டுக் கருங்கல், பகல் வெப்பத்தாலும் இரவுக் குளிராலும் வெங்காயத்தின் தோல்போலத் தகடு தகடாக உரிந்துவரும் இயல்புடையது. நெருப்பு மூட்டி நீர் ஊற்றினால் அது இன்னும் விரைவாகப் பிளக்கும். அத்தகடுகளை உடைத்தால் செங்கட்டி போன்ற கற்கள் கிடைக்கும். ஆகவே கட்டுமானப் பொருளையும் அந்த மலைகளே கொடுத்தன.

சிம்பாப்வே என்னும் பெயர் அந்நாட்டு ஷோனா மக்களின் மொழிக்குரியது. ‘கல் வீடுகள்’ என்பது அதன் பொருளென்பர். ‘வணக்கத்துக்குரிய வீடுகள்’ என்று கொள்வாரும் உளர். இத்தகைய கற்சிதைவுகள் அப்பிரதேசத்திலே நூற்றுக்கணக்காக உண்டு. அவற்றுள் மிகப் பெரியது இது. 1552இல் வெளிவந்த தமது நூலிலே போர்த்துக்கேய சரித்திராசிரியர் ஜோவாவ் டி பாறொஸ், சாந்தின்றிக் கட்டப்பட்ட ஒரு கற்கோட்டையைப் பற்றியும், அந்நாட்டார் அதனைச் சிம்பாவோ என்று அழைப்பதைப் பற்றியும் எழுதினார்.

பென்சில் மரமும் பொன் ஆசையும்

1871இல் காள் மௌக் என்னும் ஜேர்மன் யாத்திரிகர் இவ்விடத்தை அடைந்தார். அவர் ஓப்பீரைத் தேடியே போனவர். தேடிப் போனதையே கண்டார். சிதைவிலிருந்து ஒரு மரத்துண்டை வெட்டி எடுத்து, அதன் நிறமும் மணமும் தம் கையிலிருந்த பென்சிலின் மரத்தை ஒத்திருப்பதாகக் கண்டார். பென்சில் கேதுரு மரத்தால் ஆனது. கேதுரு லீபனோனிலிருந்து வருவது. லீபனோன் மரத்தைக் கொண்டு கட்டியவர் பினீசியர். ஆகவே இது சேபாவின் ராஜஸ்திரீயின் மாளிகை. இதுவே அவரது தருக்கம்! ஆபிரிக்காவிலேயே வளரும் மணமுள்ள மரம் ஒன்று அவ்வாறு இருக்கலாம் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

1890இல் சிசில் றோட்ஸ் என்பவரின் கம்பெனி அந்நாட்டைக் கைப்பற்றிற்று. அதன்பின் ஓப்பீர்க் கதைக்குப் புதியதொரு பயன் பிறந்தது. பண்டைக்காலத்திலே வடக்கிருந்து வந்த ஒரு வெள்ளை இனத்தார் இந்நாட்டை ஆண்டனர் என்றால், இப்போது வந்திருக்கும் வெள்ளையர் அந்நியரல்லர், திரும்பி வந்த உரித்தாளிகளே என்று சொல்லலாமல்லவா? 1891இல் றோட்ஸின் ஆதரவுடன் தியடோர் பெண்ட் என்பவர் அங்கே தோண்டினார். அகப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அந்நாட்டு மக்கள் பாவிக்கும் பொருள்களை ஒத்திருந்தன. ஆயினும் அரேபியாவிலிருந்து வந்தவரே இதைக் கட்டினர் என்று 1892இல் நூல் எழுதினார். 1895இல், சிதைவுகளிலே தங்கம் தேடுவதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. அக்கம்பெனியார் வேறு சிதைவுகளிலிருந்து எடுத்த பொன்னாபரணங்கள் பல உருக்கப்பட்டுப் போயின.

இவற்றிலும் பெரிய கேடு 1902இல் நேர்ந்தது. சிதைவுகளின் பாதுகாவலராக றிச்சட் ஹோல் என்பவர் நியமிக்கப்பட்டார். பாதுகாப்பதே அவரது கடமை. அவரோ மதில்களுக்குள்ளே பல அடி ஆழத்துக்கு இருந்த மண்படைகளை அள்ளி வெளியே கொட்டுவித்தார். அம்மண் பிற்காலத்து ஆபிரிக்கரின் குப்பையென்றும், அதன்கீழே பழைய நாகரிகம் துலங்குமென்றும் அவர் எண்ணினார். அவர் கொட்டுவித்த அந்தக் ‘குப்பை’தான் சரித்திரம்! அங்கே வாழ்ந்த மக்களின் வீடுகள் களிமண்ணாலும் பருக்கை மண்ணாலும் ஆனவை. கற்சுவர்கள் அவ்வீடுகளைச் சூழ்ந்து நின்ற மதில்களேயன்றி, கூரை தாங்கிய சுவர்களல்ல. வீடும் மதிலும் ஒரே மக்களின் ஒரே வேலை என்பதைக் காட்டியிருக்கக் கூடிய இணைப்புகள் யாவும் மண்வெட்டியோடு போயின. 1904இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால், அள்ளிய மண்ணை மீண்டும் படையாக அடுக்க யாரால் முடியும்?

மண் படிக்கும் வித்தை

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். மேலே செம்மண், அதன்கீழே கல் கலந்த மண், அதற்கும் கீழே சுண்ணாம்புக்கல் என்று பூமி படை படையாக இருக்கின்றது. மனிதர் வாழ்ந்த இடமும் அவ்வாறே. ஒரு வீடு விழ அதன்மேல் இன்னொரு வீடு எழும். உடைந்த பானையும், எரிந்த கரியும், தின்ற எலும்பும் அவ்வப் படையிலே தங்கும். குழப்பப்படாத இடத்திலே கீழ்ப்படை முந்தியது, மேற்படை பிந்தியது. புதைபொருளாராய்ச்சியின் அரிச்சுவடி இதுவே. எந்தப் பொருளும் அது கிடந்த படையோடு சேர்த்தே பேசும். படையிலிருந்து பிரித்தெடுத்தால் ஊமையாகிவிடும்.

இந்த வித்தையை முறையாகக் கற்றவர் ஒருவர் 1905இல் அங்கே போனார். அவர் பெயர் டேவிட் ரன்டல்-மக்கைவர். எகிப்திலே பெயர்பெற்ற பிளிண்டர்ஸ் பெற்றியின் மாணவர். வெளிநாட்டுப் பொருள்களில் காலம் அறியப்பட்டவை மத்திய காலத்துக்கு முற்பட்டவையல்ல என்பதையும், ஏனையவை முழுவதும் ஆபிரிக்கத் தன்மை வாய்ந்தவை என்பதையும் கண்டார். தமது நூலுக்கு ‘மத்தியகால றொடீசியா’ என்று அவர் இட்ட பெயரே அவரது முடிவைச் சொல்லிற்று. குடியேறிய வெள்ளையர் சினந்தனர். நீக்கப்பட்ட ஹோல் அவரை மறுத்து நூல் எழுதினார்.

வாதம் ஓயவில்லை. ஆகவே 1929இல் பிரித்தானிய விஞ்ஞான சங்கம் கேர்ட்றூட் கேற்றன்-தொம்சன் என்னும் பெண்மணியை அனுப்பிற்று. அவருடன் துணைக்குச் சென்றவர்களும் பெண்களே: கதலீன் கெனியன், டொறதி நோறி. (பின்னாளிலே வேதத்திற் கூறப்படும் யெரிகோ நகரத்தை அகழ்ந்து உலகப் புகழ் பெற்றவர் இந்தக் கெனியனே.) கேற்றன்-தொம்சன் அம்மையார் முதலில் செய்தது மிக்க புத்திசாலித்தனமான காரியம். முன்னவர்கள் கிளறிவிட்ட இடங்களில் நேரத்தை வீணாக்காது, கைபடாத ஓரிடத்தைத் தேடினார். பள்ளத்தாக்கில் மோண்ட் சிதைவு எனப்படும் சிறு கட்டிடம் அவ்வாறு அகப்பட்டது. அதன் தரைக்கும் சுவருக்கும் அடியிலே கிடந்தவற்றைப் படை படையாக எடுத்தார். சுவரின் அடியிலே கிடந்த பொருள் சுவருக்கு முந்தியதாகவே இருக்கவேண்டுமல்லவா? அப்பொருள்களில் ஆபிரிக்க மக்களின் வேலையென்பதற்கும் மத்திய காலத்தது என்பதற்கும் மாறான பொருள் ஒன்றேனும் இல்லை. இதனை அதே ஆண்டு தென்னாபிரிக்காவிற் கூடிய விஞ்ஞான சபையில் அவர் எடுத்துரைத்தபோது, படித்த பெரியவர்கள் சிலரே கோபாவேசத்துடன் எழுந்து எதிர்த்தனர். அவர் அசையவில்லை. பூமியிலே கண்டதைச் சொன்னார், அவ்வளவே.

மலையுச்சியின் மண்படைகள்

மலையுச்சி நெடுங்காலம் மக்கள் வாழ்ந்த இடம். ஆகவே காலவரிசையை அறிய அதுவே தக்க இடம். 1958இல் கீத் றொபின்சன், றோஜர் சமர்ஸ், அன்ரனி விற்றி என்னும் மூவர் இவ்வேலையை மேற்கொண்டனர். றொபின்சன் மலையின் மேற்கு மதிலுக்குள் எஞ்சியிருந்த படைகளை வெட்டி ஆராய்ந்தார்.

அடிப்படையிலே கிடந்தவை, அச்சுக் குத்தி அலங்கரித்த பானைகளைப் பாவித்த ஆதி விவசாயிகளின் சுவடுகள். அவர்கள் காலத்திலே கற்சுவர் இல்லை. அவர்கள் போய் நெடுங்காலத்தின் பின், ஏறக்குறைய 11ஆம் நூற்றாண்டிலே வேறொரு மக்கள் வந்து குடியேறினர். மாடு வளர்த்த அவர்கள் களிமண்ணில் மாட்டுருவங்களும் செய்தனர். தடியும் மண்ணும் கொண்ட மெல்லிய குடிசைகளில் வாழ்ந்தனர். அதன் மேற்படைகளில் மண்வீடுகள் தடித்துச் செல்வம் பெருகுகின்றது, கற்சுவர்கள் தோன்றுகின்றன. அதற்கும் மேலே, மினுக்கிய அழகிய மட்கலங்களும் வெளிநாட்டுப் பண்டங்களும் நிறைந்த படை. 14ஆம் நூற்றாண்டையும் 15ஆம் நூற்றாண்டின் முற்பாகத்தையும் சார்ந்த அதுவே இவ்வூரின் பொற்காலம்.

கட்டிடக் கலைஞரான விற்றி சுவர்களையே நூல்போலப் படித்தார். எந்தச் சுவர் எதன்மேல் சாய்ந்து நிற்கின்றதோ அது பிந்தியது. இம்முறையிலே பார்த்தபோது, வரிசை நேராக அமையாத சுவர்கள் முந்தியவை என்பதும், வரிசை ஒழுங்கும் கல் தெரிவும் சிறந்த சுவர்கள் பிந்தியவை என்பதும் தெளிவாயிற்று. இது மிக முக்கியமான சான்று. வெளிநாட்டிலிருந்து கைதேர்ந்த சிற்பிகள் வந்து கட்டியிருந்தால் முதற்சுவரே சிறந்ததாக இருக்கும். பின்னரே தரம் குறையும். இங்கேயோ அந்த மலையிலேயே, அந்த மக்களின் கையிலேயே, தலைமுறை தலைமுறையாகக் கலை வளர்ந்தது. தவறிக் கற்றவனின் கைவேலை அந்தச் சுவர்களிலே தெரிகின்றது.

மரத்தாலும் கரியாலும் வயதறியும் முறை அப்போது புதிது. மதில் ஒன்றின் அடியிலே நீர் வடிகாலைத் தாங்க வைக்கப்பட்ட மரத்துண்டுகளின் முதல் அளவீடு, சுவரின் காலத்தைவிடப் பல நூற்றாண்டு பழையதாக வந்தது. ஓப்பீர்க் கட்சியார் அதனைப் பற்றிக்கொண்டனர். ஆனால் மரத்தின் வயது வேறு, சுவரின் வயது வேறு. வயோதிப மரத்தின் நடுவைரம் வெட்டப்பட்ட நாளுக்கு வெகு முந்தியதாயிருக்கலாம். பழைய மரத்தை மீண்டும் பாவிப்பதும் வழக்கமே. பின்னர் எடுத்த பல அளவீடுகள் மத்திய காலத்தையே உறுதிப்படுத்தின. ஒற்றைச் சாட்சியைக் கொண்டு வழக்குத் தீர்ப்பதன் ஆபத்து இதனால் விளங்கும்.

கடல் கடந்த மணிகள்

இம்மக்கள் எப்படிச் செல்வம் பெற்றனர்? மாட்டு மந்தையும் விளைநிலமும் அடிப்படை. அதன்மேல் தங்க வியாபாரம். உள்நாட்டுப் பொன் சோபாலா, கில்வா என்னும் கீழ்க்கரைத் துறைமுகங்கள் வழியாக இந்து சமுத்திரத்துக்குச் சென்றது. அதற்கு மாறாக வந்தவற்றின் துண்டுகளே சிதைவுகளில் அகப்பட்டன: சீனத்துப் பச்சைப் பீங்கான், பாரசீகக் கிண்ணம், சிரியாக் கண்ணாடி, ஆயிரக்கணக்கான சிறு கண்ணாடி மணிகள்.

அம்மணிகளில் நமக்கும் சிறிது உறவுண்டு. தென்னாபிரிக்கப் பிரதேசத்தின் மத்தியகால மணிகளிற் பல இந்தியாவிலிருந்து போனவையென்று ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கின்றனர். கண்ணாடிக் குழாயை இழுத்து நறுக்கி இத்தகைய சிறு மணிகள் செய்யும் தொழில் அரிக்கமேட்டிலும், நம் மாதோட்டத்திலும் முற்காலத்தில் நடந்தது. மணி போனது உண்மை. ஆனால் மணி போனதால் மாளிகையும் போயிற்று என்று சொல்லலாமா? சீனப் பீங்கான் யாழ்ப்பாணத்துக் கரையிலும் கிடைக்கின்றது. அதனால் நம் கோயில்களைச் சீனர் கட்டினரென்று எவரும் சொல்வதில்லையே!

இன்னொரு தொடர்பும் உண்டு. சிதைவுகளிலே அகப்பட்ட ஒரு செப்பு நாணயம் கில்வாவை ஆண்ட அல் ஹசன் இப்னு சுலைமான் என்னும் சுல்தானுடையது. அந்தச் சுல்தானின் காலத்திலே, 1331இல், இபுனு பத்தூத்தா கில்வாவுக்கு வந்தார். அதே யாத்திரிகர் 1344இல் இலங்கைக்கு வந்து நம் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அவர் மலைநாட்டுச் சிம்பாப்வேயைக் காணவில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்து அரசு முத்தால் செழித்த அதே நூற்றாண்டிலே, அந்த ஆபிரிக்க அரசு பொன்னால் செழித்தது என்பதை நினைக்கும்போது சமுத்திரம் குறுகிவிடுகின்றது. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வூரின் பெருமை மங்கிற்று. வடக்கே முத்தாப்பா அரசும், தென்மேற்கே காமியைத் தலைநகராகக் கொண்ட அரசும் எழுந்தன. காமியின் கற்சுவர்கள் அக்கலை அழியாமல் தொடர்ந்ததற்குச் சாட்சி.

உண்மையின் விலை

இத்தனை சான்றுகளுக்குப் பின்னும் பொய் சாகவில்லை. 1965இல் றொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் பிரகடனம் செய்தது. நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு ஆளத் தகுதியில்லை என்பதே அதன் கொள்கை. அம்மக்களின் முன்னோர் இத்தகைய நகரைக் கட்டி ஆண்டனர் என்று அரசாங்க வழிகாட்டி நூலிலே எழுதுவது அவர்களுக்கு எப்படிப் பிடிக்கும்? கட்டியவர் யாரெனத் தெளிவாகச் சொல்லாதிருக்கும்படி உத்தியோகத்தர் நெருக்கப்பட்டனர். சிதைவுகளின் பரிசோதகராயிருந்த பீற்றர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டுப் போனார். 1973இல் உண்மையை நூலாக வெளியிட்டார். 1980இல் நாடு விடுதலை பெற்றபோது அந்தச் சிதைவின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. அங்கே கிடைத்த மாக்கல் பறவை அதன் கொடியிலே ஏறிற்று. 1986இல் அவ்விடம் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று.

வாலிப நண்பர்களே! தூரதேசத்துக் கதையென்று இதனைத் தள்ளிவிட வேண்டாம். மௌக்கின் பென்சில் நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. எபிரேய வேதத்தில் மயிலைக் குறிப்பதாகச் சொல்லப்படும் சொல் நமது ‘தோகை’யிலிருந்து பிறந்ததென்று அறிஞர் சிலர் கூறுவர். கேட்கும்போது நெஞ்சு நிமிர்கின்றது. ஆனால் ஒரு சொல்லின் ஒலியைக் கொண்டு ஓப்பீர் எங்களுடையது என்று கொடியேற்றப் புறப்பட்டால், மரத்தின் மணத்தைக் கொண்டு மாளிகை கட்டியவரினும் நாம் எவ்வகையில் மேலானவர்? அது ஆராயத்தக்க குறிப்பு, தீர்ப்பல்ல.

நம் நாட்டிலும் மேடுகள் உண்டு. கல்லும் ஓடும் புதைந்த காணிகள் உண்டு. அவற்றைச் சொந்தம் கொண்டாட எல்லாப் பக்கத்திலும் ஆட்கள் உண்டு. குழி வெட்டுமுன்னரே முடிவை எழுதிவைப்பவன் எந்த மொழி பேசினாலும், எந்தச் சமயத்தவனாயினும், றிச்சட் ஹோலின் வேலையையே செய்கின்றான். தன் கட்சிக்கு உதவாத மண்படையைக் குப்பையென்று அள்ளிக் கொட்டுவான். கொட்டப்பட்ட மண் பின்பு யாருக்கும் உதவாது, அவனுக்கும் உதவாது.

கேற்றன்-தொம்சன் அம்மையார் அந்நாட்டவரல்லர். அம்மக்களின் மொழியும் அவருக்குத் தாய்மொழியன்று. ஆயினும் கைபடாத ஒரு தரையைத் தேடி, அதன் அடியிலே கண்டதைக் கண்டபடி சொன்னார். ஒரு மக்களின் முன்னோரை அவர்களுக்கு மீட்டுக் கொடுக்க அது போதுமாயிருந்தது. நமது முன்னோருக்கு நாம் செய்யத்தக்க பெரிய மரியாதையும் அதுவே. அவர்கள் செய்யாததை அவர்கள்மேல் ஏற்றாமலும், செய்ததைப் பிறருக்குக் கொடுக்காமலும், மண் சொல்வதை முதலில் கேட்கப் பழகுவோமாக.